பெடல் அனுப்பும் இரண்டு வோல்டேஜ்: ஆக்சிலரேட்டர் சென்சாரை மல்டிமீட்டரால் சோதிப்பது

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் போகும் சாலையில் கல்லாறு தாண்டிவிட்டால் 14 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் லோடு லாரி, பின்னால் பஸ். அந்த இடத்தில் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்காமல் போனால் அதைச் சின்னப் பழுது என்று சொல்ல முடியாது. அது ஆபத்து. செக் இஞ்சின் விளக்கு எரியும், இஞ்சின் வேகம் ஐடிலுக்குச் சற்று மேலே நின்றுவிடும். ஓரம் கட்டி சாவியை அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாகிவிடும். நாலு வளைவு தள்ளி மறுபடியும் அதே தொல்லை.

இதற்கு மலையில் உடனே கிடைக்கும் பதில், "ஹைட்டுங்க, காத்து கம்மி." அதில் பாதி உண்மை இருக்கிறது. ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். டர்போ இல்லாத இஞ்சின் அங்கே சோர்ந்துதான் போகும். ஆனால் அந்தச் சோர்வு ஏற ஏற மெதுவாகக் கூடும். வெட்டிவிட்டாற்போல ஒரு நொடியில் வராது. பெடல் சென்சாருக்கோ உயரம் ஒரு பொருட்டே இல்லை. கல்லாற்றில் 5 வோல்ட் என்றால் தொட்டபெட்டாவிலும் 5 வோல்ட்தான். அதனால் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

பழைய வண்டிகளில் பெடலில் இருந்து ஒரு கேபிள் நேராக இஞ்சினுக்குப் போகும். மிதித்தால் கேபிள் இழுபடும், அவ்வளவுதான். இப்போதைய வண்டிகளில் அந்தக் கேபிள் இல்லை. பெடல் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதை ஒரு சென்சார் வோல்டேஜாக மாற்றி, இஞ்சினை ஆட்டிவைக்கும் சின்னக் கணினியான ஈசியூவுக்குச் சொல்கிறது. பெட்ரோல் வண்டியில் ஈசியூ ஒரு மோட்டாரை வைத்து, இஞ்சினுக்குக் காற்று விடும் கதவான த்ராட்டிலைத் திறக்கும். காமன் ரெயில் டீசல் வண்டியில் எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும் என்று கணக்குப் போடும். ஆக, உங்கள் கால் இப்போது செய்வது ஒரு கோரிக்கை வைப்பதுதான். முடிவெடுப்பது ஈசியூ.

சென்சாரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கார்பன் பூசிய தடத்தின் மேல் ஒரு சின்ன உலோக நாக்கு தேய்ந்துகொண்டே நகரும். பழைய ரேடியோவின் வால்யூம் குமிழைத் திருகும்போது ஒரு இடத்தில் மட்டும் கரகரக்குமே, அதே அமைப்பு, அதே நோய். கால் அதிகம் நிற்கும் இடத்தில்தான் தடம் தேயும். இன்னொன்று ஹால் வகை. காந்தப் புலத்தில் வைத்த கடத்தியில் குறுக்கே ஒரு வோல்டேஜ் தோன்றும் என்று எட்வின் ஹால் 1879-ல் கண்டறிந்தார். அதைப் பயன்படுத்தி, பெடலோடு நகரும் காந்தத்தின் நிலையை ஒரு சில்லு அளக்கிறது. உரசல் இல்லை, அதனால் தேய்மானமும் இல்லை.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் பாதுகாப்பு யோசனை. பெடலுக்குள் ஒன்றல்ல, இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. பொதுவாக ஆறு ஒயர்கள்: ஒவ்வொன்றுக்கும் தனி 5 வோல்ட், தனி எர்த், தனி சிக்னல். பல வண்டிகளில் முதல் சிக்னல் காலை எடுத்த நிலையில் 0.75 வோல்ட் வாக்கிலும், முழுக்க மிதித்தால் 4 வோல்ட் வாக்கிலும் இருக்கும். இரண்டாவது சிக்னல் எப்போதும் அதில் பாதி. ஏன் பூஜ்யத்தில் தொடங்கி 5-ல் முடிப்பதில்லை? ஒயர் அறுந்தாலோ, எர்த்தில் பட்டாலோ பூஜ்யம் வரும்; சப்ளையில் பட்டால் 5 வரும். இரண்டு முனைகளையும் காலியாக விட்டு வைத்ததால்தான் அது பழுது என்று ஈசியூ கண்டுகொள்ள முடிகிறது. சரி, இரண்டு சிக்னலும் ஒரே அளவாக இருந்தால் என்ன? இரண்டு ஒயர்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வித்தியாசமே தெரியாது. பாதியாக வைத்திருப்பதால் ஒட்டிய நொடியே கணக்கு இடிக்கும். கணக்கு இடித்தால் ஈசியூ எந்தச் சிக்னலையும் நம்பாது, இஞ்சினை அடக்கிவிடும். ஈசியூ பதிந்து வைத்த பழுது எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் பி2138 என்று வருவது இதுதான். வண்டி தானாகச் சீறிப் பாய்வதைவிட இழுக்காமல் நிற்பது மேல் என்று எடுத்த முடிவு அது.

இனி சோதனை. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சாவி ஆன், இஞ்சின் ஆஃப். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் பிடியுங்கள். எட்டவில்லை என்றால் ஒரு நீள ஒயர் சேர்த்துக்கொள்ளலாம். பெடலின் கனெக்டரைக் கழற்ற வேண்டாம். பின்பக்கம் ஒயர் நுழையும் இடத்தில் மெல்லிய பின் ஊசியை ஒயரை ஒட்டியே செருகி, அதில் சிவப்பு முனையை வையுங்கள். ஒயரின் உறையைக் குத்தித் துளைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பனியும் ஈரமும் உள்ள ஊரில் அந்தத் துளை வழியாக ஈரம் இறங்கி, உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். இன்றைய சோதனை சில மாதத்தில் புதுப் பழுதாக வந்து நிற்கும். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பும் வேண்டவே வேண்டாம். அது இழுக்கும் கரண்ட்டை ஈசியூ தாங்காமல் போகலாம்.

முதலில் சிக்னலைப் பார்க்காதீர்கள். சப்ளை ஒயர்கள் இரண்டிலும் 5 வோல்ட் வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் பழுது வயரிங்கிலோ ஈசியூ பக்கத்திலோ இருக்கிறது. அதே 5 வோல்ட்டை வேறு சென்சாரோடு பகிரும் வண்டிகளும் உண்டு. அங்கே அந்தச் சென்சார் ஷார்ட் ஆனாலும் இங்கே வோல்டேஜ் விழும்.

அடுத்தது எர்த். பெரும்பாலோர் தாண்டிப் போவது இதைத்தான், மலையில் அதிகம் மாட்டுவதும் இதுதான் என்பது என் எண்ணம். எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே ஏறத்தாழ பூஜ்யம் இருக்க வேண்டும், 0.1 வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகப்படலாம். ஈரத்தில் கனெக்டருக்குள் இருக்கும் உலோக முனை அரித்து, ஒரு எர்த்தில் 0.3 வோல்ட் நிற்கிறது என்று வையுங்கள். கார்பன் தட வகையில் 0.75 காட்ட வேண்டிய சிக்னல் 1.0 வோல்ட்டுக்கு ஏறிவிடும். இரண்டாவது சென்சாரின் எர்த் நன்றாக இருப்பதால் அது தன் பாதியான 0.38-லேயே நிற்கும். பாதிக் கணக்கு உடைந்தது, பி2138 வந்தது. பெடலில் ஒரு குறையும் இல்லை! ஆனால் ஸ்கேனர் காட்டிய பழுது எண்ணை மட்டும் பார்த்தவர் பெடலை மாற்றச் சொல்வார். அது பெரும்பாலும் முழு அசெம்ப்ளியாகத்தான் கிடைக்கும், செலவும் அதற்கேற்ப. டாக்சி ஓட்டிப் பிழைப்பவருக்கு அது பல நாள் வருமானம். கனெக்டரைக் கழற்றாமல் அளக்கச் சொன்னதும் இதற்காகத்தான்: கரண்ட் ஓடினால்தான் அரித்த இடத்தில் வோல்டேஜ் தேங்கும்.

இரண்டும் சரியாக இருந்தால் சிக்னலுக்கு வாருங்கள். ஒருவர் பெடலைக் கையால் அழுத்தட்டும், முழுத் தூரத்துக்குப் பதினைந்து இருபது நொடி எடுத்துக்கொண்டு. டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும், ஈசியூவோ அதைவிடப் பல மடங்கு வேகமாகப் பார்க்கும். வேகமாக மிதித்தால் நடுவில் விழும் பள்ளம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. மிகக் குறைந்த, மிக அதிக எண்களைப் பிடித்து வைக்கும் மின்–மேக்ஸ் (Min–Max) பட்டன் உள்ள மீட்டர் நல்லது. முள் வைத்த பழைய மீட்டர் கிடைத்தால் அதுவும் நல்லது, முள் துள்ளுவது தெளிவாகத் தெரியும். எண் சீராக ஏறி, சீராக இறங்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் இரண்டு சிக்னலையும் ஒப்பிடுங்கள். அப்புறம் பெடலை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு ஒயர்க் கொத்தை மட்டும் ஆட்டிப் பாருங்கள். எண் குதித்தால் குற்றவாளி ஒயரோ கனெக்டரோதான்.

ஓம் அளவையில் வைத்துச் சோதிப்பது கார்பன் தட வகைக்கு மட்டுமே பொருந்தும். அதுவும் சாவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றிய பிறகு. ஹால் வகையில் ஓம் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அதைப் பார்த்து நல்ல பெடலைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் மிதித்தால் இழுக்கவில்லை என்றால் பிரேக் ஸ்விட்சைப் பாருங்கள். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒன்றாக மிதிபட்டால் இஞ்சினை அடக்கும் ஏற்பாடு பல வண்டிகளில் இருக்கிறது. ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால் நீங்கள் பிரேக்கில் கால் வைத்திருப்பதாகவே ஈசியூ நினைக்கும். பின்னால் நின்று, பிரேக்கைத் தொடாமலே விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

நான் மேலே சொன்ன 0.75-ம் 4-ம் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. இரண்டு சிக்னலும் ஒரே இடைவெளி விட்டு ஏறும் வண்டி உண்டு, ஒன்று ஏற மற்றது இறங்கும் வண்டியும் உண்டு. கம்பெனியின் சர்வீஸ் புத்தகம் கைக்குக் கிடைப்பது கஷ்டம். அதனால் வண்டி நன்றாக ஓடும்போதே ஒரு நாள் அளந்துவிடுங்கள்: இரண்டு சப்ளை, இரண்டு எர்த், கால் எடுத்த நிலையிலும் முழுக்க மிதித்த நிலையிலும் இரண்டு சிக்னல்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழைக்கு முன்னாலும், கூடலூர்ப் பக்கம் ஆனி மழைக்கு முன்னாலும் செய்வது வசதி. அந்த எண்களை ஒயர் நிறத்தோடு சேர்த்து ஒரு தாளில் எழுதி ஆர்.சி. புத்தகத்துக்குள் வையுங்கள். வழியில் நின்றாலும், பக்கத்து ஊர் மெக்கானிக் அந்தத் தாளை வைத்தே பெடலா, ஒயரா என்று சொல்லிவிடுவார்.