ஒருக்களித்துப் படுப்பவரும் மலைமேல் மெத்தையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையின் வெதுவெதுப்பில் பழகிய நம்மவர்கள் குளிர்கால ஜூலை விடுமுறையில் டிராக்கன்ஸ்பர்க் மலைக்குக் கூடாரத்தோடு போய்த் திரும்பும்போது, ஏற்றத்தையோ பனியையோ விட இரவில் இடுப்பும் தோளும் வலித்ததைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். விசாரித்துப் பார்த்தால், வலியைச் சொல்பவர் பெரும்பாலும் ஒருக்களித்துப் படுப்பவராக இருப்பார். அதே வகை மெத்தையில் பக்கத்தில் மல்லாந்து படுத்தவர் குறட்டை விட்டுத் தூங்கியிருப்பார்.

மல்லாந்து படுக்கும்போது முதுகும் புட்டமும் தொடைகளும் எடையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒருக்களித்தாலோ, தோளும் இடுப்பும் மட்டும் தரையில் ஊன்ற, அவற்றுக்கு இடைப்பட்ட இடை தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. இடுப்பில் மட்டும் 15 கிலோ எடை 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இறங்குவதாகக் கொண்டால், அவ்விடத்து அழுத்தம் ஏறத்தாழ 110 மில்லிமீட்டர் பாதரசம். தோலடி நுண்குழாய்களில் ரத்தம் ஓடும் அழுத்தமோ சுமார் 30 மில்லிமீட்டர்தான். குழாய்கள் நசுங்கி அவ்விடம் மரத்துப்போவதால், தூங்குபவர் தம்மை அறியாமலே புரண்டுகொண்டிருக்கிறார். 70 கிலோ எடையுள்ள அதே உடல் கால் சதுர மீட்டர் பரப்பில் சமமாகப் பரவினால், அழுத்தம் 20 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். ஆக, மெத்தையின் வேலை தோளையும் இடுப்பையும் போதிய ஆழத்துக்கு இறங்கவிட்டு, அந்தரத்தில் நிற்கும் இடையையும் எடை தாங்க வைப்பதாகும்.

காற்றுமெத்தையின் இயல்பு இங்கே பலருக்கும் பிடிபடுவதில்லை. அதனுள் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றே. அந்த அழுத்தத்தை உடல் தொடும் பரப்பால் பெருக்கினால் கிடைப்பது, ஏறக்குறைய, உடலின் எடை. எடை மாறாததால், கூடுதலாக ஊத ஊதத் தொடும் பரப்பு சுருங்குகிறது. கல்போல விறைக்க ஊதப்பட்ட மெத்தை, அது எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும், பலகைக்குச் சமம். கொஞ்சம் காற்றை வெளியேற்றினால் உடல் இறங்கிப் பரப்பு கூடும், அழுத்தம் குறையும். அளவுக்கு மீறி வெளியேற்றினால் இடுப்பு தரையில் இடிக்கும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைத் தடிமன்தான் தீர்மானிக்கிறது. ஒருக்களித்துப் படுப்பவர் 7 அல்லது 8 சென்டிமீட்டருக்குக் குறையாத மெத்தையைத் தேடவேண்டியதன் காரணம் அதுவே: தடித்த மெத்தையில் காற்றைக் குறைவாக வைத்துக்கொள்ளும் வசதி உண்டு.

பாயில் படுத்தே வளர்ந்தவர்களுக்கு இரண்டு சென்டிமீட்டர் நுரைப்பாயே போதும் என்று சொல்வாரும் உளர். பழக்கம் பெரியதுதான். ஆனால் நுரைப்பாய் இடுப்புக்குக் கீழே முழுவதும் நசுங்கிவிடுவதால், அதற்குமேல் இறங்க வழியில்லை. அது குத்திக் கிழித்தாலும் காற்றுப் போகாத பொருள். அரை கிலோவுக்கும் குறைவான எடை. அதன் பெருமை அவ்வளவே. இன்று தடித்த காற்றுமெத்தைகளும் அதே எடைக்கு வந்துவிட்டன. முழங்காலை மடக்கிப் படுப்பவர் வழக்கமான 51 சென்டிமீட்டர் அகலத்தை விட்டு 64 சென்டிமீட்டர் அகலத்தை எடுத்தால், நூறு கிராமோ சற்று அதிகமோ கூடுதலாகச் சுமக்கவேண்டியிருக்கும். அந்தச் சுமை தகும் என்பதே என் கருத்து.

அடுத்தது குளிர். லெசோத்தோ எல்லையை ஒட்டிய மலைவிளிம்பு 3000 மீட்டரைத் தாண்டுகிறது. குளிர்கால இரவுகளில் அங்கே தண்ணீர்ப் புட்டி உறைவது சாதாரணம். தூங்குபையின் அடிப்பக்கம் உடலின் கீழ் நசுங்கிப் பயனற்றுப்போவதால், தரைக்குப் போகும் வெப்பத்தைத் தடுக்க மெத்தையைத் தவிர வேறு எதுவும் இல்லை. இந்தத் தடுப்பாற்றலை 'ஆர்' மதிப்பு என்கிறார்கள். நிறுவனங்கள் ஆளுக்கொரு முறையில் அளந்துவந்த குழப்பத்தை, தரநிலைகளை வகுக்கும் அமைப்பான ஏஎஸ்டிஎம் 2018இல் வெளியிட்ட எஃப்3340 தரநிலை நீக்கியது. தோலுக்கும் தரைக்கும் 30 பாகை செல்சியஸ் வேறுபாடு இருந்து, கால் சதுர மீட்டர் உடல் மெத்தையைத் தொட்டால், 'ஆர்' 1 உள்ள மெத்தை வழியே ஏறத்தாழ 43 வாட் வெப்பம் கசியும். 'ஆர்' 4 எனில் 11 வாட்தான். தூங்கும் உடல் உண்டாக்குவது மொத்தமே 70, 80 வாட் என்பதை நினைத்தால் முதல் எண் அச்சமூட்டும். உள்ளே வெறும் காற்று மட்டுமிருந்தால் வெப்பம் எளிதாகக் கீழே போய்விடும். அதனால்தான் நல்ல மெத்தைகளுக்குள் செயற்கைப் பஞ்சையோ, வெப்பக் கதிரைத் திருப்பியனுப்பும் பளபளப்பான மென்தாள்களையோ வைக்கிறார்கள். 'ஆர்' மதிப்பை அளக்கும் ஆய்வகத்தின் தட்டையான தகடு மெத்தையைச் சமமாக அழுத்துகிறது. நம் இடுப்பு அப்படி அழுத்துவதில்லை. இடுப்பு அமிழும் இடத்தில் தடிமன் குறைவதால் அங்கே தடுப்பும் குறைகிறது என்பதை ஒருக்களித்துப் படுப்பவர் கணக்கில் கொண்டு, சற்று உயர்ந்த மதிப்பையே எடுப்பது நலம். 'ஆர்' மதிப்புகள் கூட்டிக்கொள்ளத்தக்கவை. ஆகவே அடியில் ஒரு மெல்லிய நுரைப்பாயை விரித்தால் குளிரும் குறையும், தரையின் கூரிய சரளைக்கல் மெத்தையைக் குத்துவதும் குறையும்.

நள்ளிரவில் மெத்தை தொய்ந்துவிட்டால் உடனே ஓட்டை என்று முடிவுகட்டவேண்டாம். 20 பாகையில் ஊதிய காற்று 0 பாகைக்குக் குளிர்ந்தால் அதன் கன அளவு ஏறத்தாழ 7 விழுக்காடு சுருங்கும். ஆகவே மாலையில் ஊதிவைத்து, படுக்கும் நேரத்தில் மறுபடி நிரப்பி, பிறகு ஒருக்களித்துப் படுத்தபடியே வால்வைத் திறந்து சிறிது சிறிதாகக் காற்றை விடவேண்டும். இடுப்புக்கும் தரைக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி மிஞ்சும்போது வால்வை மூடவேண்டும். தோள் அந்த அளவுக்கு இறங்கியபின், வீட்டில் வைக்கும் உயரத்துக்குத் தலையணை தேவைப்படாது; மடித்த கம்பளிச் சட்டை ஒன்றே கழுத்தை நேராக வைத்துவிடும்.