போர்க்கால பிரிட்டனில் தாய்க்கும் சேய்க்கும் என்ன கிடைத்தது?

முதல் உலகப் போர் முடியச் சில மாதங்கள் இருக்கும்போது, 1918 ஆகஸ்டில், பிரிட்டனில் தாய்சேய் நலச் சட்டம் நிறைவேறியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், இன்னும் பள்ளிக்குப் போகாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆகியோரின் உடல்நலத்தை உள்ளாட்சி மன்றங்கள் கவனிக்க இந்தச் சட்டம் வழிசெய்தது. பிரசவ விடுதி, குழந்தை நல மையம், பிள்ளை பெற்றவள் வீட்டில் சமையலையும் துவைப்பதையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், வசதியில்லாத வீட்டுக்குப் பால் என்று மன்றம் எதை நடத்தினாலும் செலவில் பாதியை மத்திய அரசு ஏற்கும். இதற்கெனக் குழு அமைத்தால் அதில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும். முப்பது வயதைத் தாண்டிய, சொத்துத் தகுதி இருந்த பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

தாய்மார்கள் தேடி வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. குழந்தை பிறந்த 36 மணி நேரத்துக்குள் வட்டாரச் சுகாதார அதிகாரிக்குத் தகவல் போயாக வேண்டும் என்பது 1915 முதலே கட்டாயம். தகவல் கிடைத்ததும் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வருவார்.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 1918 சட்டம் மன்றங்களுக்கு அனுமதி கொடுத்ததே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. ஆக, ஒரு தாய்க்கு என்ன கிடைக்கும் என்பது அவள் குடியிருந்த ஊரைப் பொறுத்தது.

இரண்டாம் உலகப் போரில்தான் இது மாறியது. 1940 ஜூலையில் தொடங்கிய தேசியப் பால் திட்டத்தில் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் தினம் ஒரு பைன்ட் பால், அதாவது அரை லிட்டருக்குச் சற்று அதிகம், இரண்டு பென்ஸுக்குக் கிடைத்தது. சந்தை விலையில் ஏறக்குறைய பாதி அது. ஏழைகளுக்கு இலவசம். எந்த ஊர், எந்த மன்றம் என்ற கேள்வியே இல்லை. கர்ப்பத்துக்குச் சான்று கொடுத்தால் பச்சை நிற ரேஷன் புத்தகம் கைக்கு வரும். அதைக் காட்டினால் கடையில் பழம் வந்ததும் முதலில் இவர்களுக்குத்தான். 1941 டிசம்பரில் வைட்டமின் திட்டமும் தொடங்கியது. அப்புறம் அமெரிக்காவிலிருந்து ஆரஞ்சுச் சாறு வந்தது. அதையும் மீன் எண்ணெயையும் குழந்தை நல மையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.

குண்டு விழும் நகரங்களிலிருந்து கர்ப்பிணிகளைக் கிராமப்புற மாளிகைகளுக்கு அனுப்பினார்கள். ஹெர்ட்ஃபோர்டுஷயரில் உள்ள பிராக்கெட் ஹால் என்ற பிரபு மாளிகை லண்டன் பெண்களுக்குப் பிரசவ மருத்துவமனையாக மாறியது. போர்த்தொழிற்சாலைகளில் வேலை பார்த்த தாய்மாரின் பிள்ளைகளுக்காக, மத்திய அரசின் முழுச் செலவில் மன்றங்கள் காப்பகங்களை நடத்தின.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆயிரம் பிறப்புக்கு 1941இல் 60 ஆக ஏறிய சிசு மரணம், 1945இல் 46 ஆக இறங்கியது. கிருமிகளைத் தடுக்கும் சல்ஃபா மருந்துகளுக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் பாலின் பங்கு சிறியதல்ல என்றே நினைக்கிறேன்.

போருக்குப் பின் காப்பகங்களுக்கான மானியம் குறைக்கப்பட்டது, பல மூடப்பட்டன. வேலைக்குப் போன தாய்மாருக்கு அது பெரிய அநியாயம். மலிவு விலைப் பாலும் ஆரஞ்சுச் சாறும் மட்டும் பல ஆண்டுகள் தொடர்ந்தன.