ஃபோர்க் என்பது தமிழில் கவை

யாரும் பார்க்கலாம், மாற்றிப் பயன்படுத்தலாம் என்று மூலநிரலைத் திறந்துவைத்திருப்பது திறமூல மென்பொருள். அப்படிப்பட்ட ஒன்றின் மூலநிரலை எடுத்து, அதை நடத்திவருபவர்களை விட்டு விலகி, வேறொரு குழு வேறு பெயரில் தனியே வளர்த்தால் அது ஃபோர்க். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். திறமூல உரிமம் என்று சொல்லத்தக்க எதிலும் இந்த உரிமை அடக்கம்.

சொல்லின் வேர் லத்தீன் ஃபுர்கா, அதாவது வைக்கோல் வாரும் பல்கோல். சாப்பாட்டு மேசைக்கு அது வந்ததெல்லாம் பிற்பாடுதான். பாதை பிரியும் இடத்துக்கும் ஆங்கிலத்தில் இதே சொல். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன்னைப் போலவே இன்னொன்றைப் பிறப்பிக்கும் கட்டளைக்கும் இதே பெயர்.

வணிகத்தில் இதற்கு என்ன வேலை? ரெடிஸ் கதையைப் பார்த்தால் போதும். சிசிலியைச் சேர்ந்த சால்வதோரே சான்ஃபிலிப்போ 2009இல் தொடங்கிய தரவுத்தளம் அது. யாரும் எடுத்து விற்கவும் விடும் பி.எஸ்.டி. உரிமம் என்பதால், கணினி வசதியை இணையவழி வாடகைக்கு விடும் அமேசான் போன்ற கிளவுட் நிறுவனங்கள் அதைச் சேவையாக விற்றுச் சம்பாதித்தன. ரெடிஸ் நிறுவனத்துக்கு அதில் பங்கு தர வேண்டிய கட்டாயம் இல்லை. பொறுத்துப் பார்த்த நிறுவனம் 2024 மார்ச் 20 அன்று, இனிவரும் பதிப்புகளுக்குக் கட்டுப்பாடான உரிமம் என்று அறிவித்தது. ஆனால் 7.2.4 வரை வெளிவந்த நிரல் பி.எஸ்.டி.யில் வந்தது வந்ததுதான். அதைத் திரும்ப வாங்க முடியாது. எட்டே நாளில், மார்ச் 28 அன்று, திறமூலத் திட்டங்களைப் பேணும் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் அதே 7.2.4இலிருந்து வால்கீ என்ற ஃபோர்க் பிறந்தது. பின்னால் நின்றவை அமேசான், கூகுள், ஆரக்கிள். அடுத்த ஆண்டு மே மாதம் ரெடிஸ் 8 வந்தபோது, ஏ.ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தையும் ஒரு தெரிவாகச் சேர்த்திருந்தார்கள்.

ஆக, பிரிந்துபோக முடியும் என்பதே விலைக்கும் நிபந்தனைக்கும் கடிவாளம். ஆனால் இதை ஏழைகளின் ஆயுதம் என்று சிலர் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நிரலை நகலெடுக்கக் காசு வேண்டாம். பாதுகாப்பு ஓட்டைகளை ஆண்டுக்கணக்கில் அடைக்கச் சம்பளம் வேண்டும். வால்கீக்கு அதைக் கொடுக்கப் பெரிய கைகள் இருந்தன. கேட்பாரற்றுக் கிடக்கும் ஃபோர்க்குகளே அதிகம்.

ஃபோர்க்கோடு பெயர் மட்டும் சேர்ந்து வராது, அது வணிகக்குறி. 2010இல் ஓப்பன் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து பிரிந்தவர்கள் லிப்ரே ஆபீஸ் என்று புதுப்பெயர் சூட்ட நேர்ந்தது அதனால்தான். ஓப்பன் ஆபீஸ் என்ற பெயர் ஆரக்கிளிடம் இருந்தது.

இனி தமிழ். இயந்திர மொழிபெயர்ப்பு சில சமயம் ‘முட்கரண்டி’ என்று பரிமாறும், சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். ‘கிளை’ பொருந்தாது. ஒரே திட்டத்துக்குள் தற்காலிகமாகப் பிரித்து வேலைசெய்யும் பிராஞ்சுக்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது. ‘பிளவு’ என்றால் கட்சி உடைந்த வாடை. சண்டையில்லாத ஃபோர்க்குகளும் உண்டே.

‘கவை’ சரியாக உட்காருகிறது. ஒன்று இரண்டாகப் பிரியும் இடம், பிரிந்த கொம்பு, இரண்டும் கவைதான். உண்டிவில்லுக்கு ஒடிக்கும் கவட்டையும் இந்தக் குடும்பமே. புறநானூற்றில் (215) பிரிந்த கதிருடைய வரகு ‘கவைக்கதிர் வரகு’. குறுந்தொகை 324இல் ‘கவைமக’ என்பது இரட்டைக் குழந்தைகள். பிறக்கும் நொடியில் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்து, பிறகு தனித்தனியே வளரும் இரண்டு நிரல்களுக்கு இதைவிட நெருங்கிய சொல் எங்கே கிடைக்கும்? ‘வால்கீ, ரெடிஸின் கவை’ என்று எழுதலாம். வினையாக வேண்டுமென்றால் ‘கவையாகப் பிரித்தார்கள்’.

நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் ஃபோர்க் பொத்தானுக்கு மட்டும் இது வேண்டாம். அங்கே பெரும்பாலும் நடப்பது, திருத்தம் அனுப்புவதற்காக எடுக்கும் நகல். ‘நகல்’ என்றே சொல்லலாம்.

கவை கைவிடும் இடமும் ஒன்றுண்டு. எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் ஜி.சி.சி. தொகுப்பி மெத்தனமாக நகர்கிறது என்று 1997இல் சிலர் ஈ.ஜி.சி.எஸ். என்று பிரிந்தார்கள். அது முந்திப் போகவே, 1999இல் அதையே அதிகாரபூர்வ ஜி.சி.சி.யாக ஏற்றுக்கொண்டார்கள். மரத்தில் பிரிந்த கவை இப்படிச் சேர்வதில்லை; இதற்கு ‘மீளிணைவு’ என்று தனியாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.