ரேண்டம் சாய்ஸ்: எழுமாற்றுத் தெரிவு

சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்களைப் பட்டியலில் போட்டுவிட்டு, 'இதில் ஏதாவது ஒன்றை எடு' என்று கணினி நிரலிடம் சொல்கிறோம். எது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆனால் மஞ்சள் ஒருநாளும் வராது. நிரலர்கள் ரேண்டம் சாய்ஸ் என்பது இதைத்தான்.

ரேண்டம் என்பதன் மூலம் பழைய பிரெஞ்சுச் சொல். அங்கே அதற்குத் தலைதெறிக்கிற வேகம் என்று பொருள். ஆங்கிலத்துக்கும் முதலில் அந்த வேகத்தோடுதான் வந்தது. குறியில்லாமல், போகிற போக்கில் என்ற பொருள் அப்புறம்தான் ஏறியது.

தமிழில் பலர் 'தற்செயல்' என்று எழுதுகிறார்கள். வழியில் பழைய நண்பரைப் பார்ப்பது தற்செயல். அது தானாக நேர்வது. நிரலில் நாமே கேட்டு வாங்குகிறோம், ஆகவே இந்தச் சொல் ஒட்டவில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'சமவாய்ப்பு' இருக்கிறது. நல்ல சொல்தான், அந்த 'சம'தான் உறுத்துகிறது. பைத்தான் என்ற நிரல்மொழியின் சாய்சஸ் செயற்கூற்றில் சிவப்புக்கு 8, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று என்று எடை கொடுக்கலாம். சராசரியாகப் பத்துக்கு எட்டு தடவை சிவப்பே வரும். இதில் எங்கே சமம்? சமமாக வேண்டும் என்று நினைத்து எழுதினாலும் தவறலாம். 0 முதல் 255 வரை சமமாக வரும் ஓர் எண்ணைப் பத்தால் வகுத்து, மீதியை வைத்துப் பத்துப் பொருள்களில் ஒன்றை எடுக்கிறோம் என்று வையுங்கள். 0 முதல் 5 வரையிலான மீதிகள் 26 எண்களிலிருந்து வரும். 6 முதல் 9 வரையிலானவை 25 எண்களிலிருந்துதான். கடைசி நான்கு பொருள்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் குறைவு. பார்த்தால் தெரியாத பிழை இது.

இலங்கைப் பாடநூல்கள் 'எழுமாற்று' என்கின்றன. சமம் என்று எந்த வாக்குறுதியும் தராத சொல். என் ஓட்டு இதற்கே.

சாய்ஸுக்குத் 'தேர்வு' என்றால் பரீட்சை நினைவுக்கு வருகிறது, 'தெரிவு' மேல். திருக்குறளின் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. அங்கே ஆராய்ந்து தேர்வது. இங்கே ஆராயாமல் எடுப்பதற்கு அதே சொல்லா என்று யாராவது வம்புக்கு வரலாம். முன்னால் 'எழுமாற்று' நிற்கிறதே, அது போதும். 'குலுக்கல்' இன்னும் எளிதுதான். ஆனால் பட்டியலின் வரிசையையே கலைத்துப்போடும் ஷஃபிளுக்கு அது தேவைப்படுகிறது.

ஒன்றுக்கு மேல் எடுக்கும்போது இன்னொரு சொல் வேண்டும். சாய்சஸ், எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும்; சிவப்பே நான்கு முறை வரலாம். பைத்தானின் இன்னொரு செயற்கூறான சாம்பிள் திரும்பப் போடாது. அதற்கு 'எழுமாற்று மாதிரி' சரியாக இருக்கும். மூன்று நிறங்களைக் கொடுத்து நான்கு கேட்டால் சாய்சஸ் கொடுத்துவிடும், சாம்பிள் பிழை காட்டி நின்றுவிடும்.