வோஸ்தோக் பனியில் அடைபட்ட காற்று

1983 ஜூலை 21 அன்று அண்டார்க்டிகாவின் வோஸ்தோக் நிலையத்தில் பதிவான வெப்பநிலை மைனஸ் 89.2 டிகிரி செல்சியஸ். அந்த இடத்தில்தான் சோவியத் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் பனியைத் துளைத்துக்கொண்டிருந்தன. துளை மூடிக்கொள்ளாமலிருக்க மண்ணெண்ணெய் ஊற்றி, 2 கிலோமீட்டருக்கும் கீழே இருந்து பனியை உருளை உருளையாக மேலே எடுத்தார்கள்.

அங்கே ஓர் ஆண்டில் விழும் பனியை உருக்கினால் சுமார் 2 சென்டிமீட்டர் தண்ணீர்தான் தேறும். ஆனால் விழுந்தது உருகுவதே இல்லை. மேலே மேலே பனி ஏறி அழுத்த, ஏறக்குறைய 100 மீட்டர் ஆழத்தில், துகள்களுக்கு இடையே இருந்த காற்று வெளியேற வழியின்றிக் குமிழிகளாகச் சிக்கிக்கொள்கிறது. அந்தப் பனித்துண்டை வெற்றிடத்தில் வைத்து நொறுக்கினால் பழைய காற்று அப்படியே வெளிவரும். அன்றைக்குக் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருந்தது என்று நேரடியாக அளந்துவிடலாம். காற்று அடைபடுவதற்குள் சில ஆயிரம் ஆண்டுகள் ஓடிவிடுவதால், சுற்றியுள்ள பனியைவிடக் குமிழிக்கு வயது குறைவு. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, அன்றைய குளிரை எப்படி அறிவது? அதைப் பனியே சொல்லும். கடலிலிருந்து கிளம்பும் நீராவியில் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் கலந்த மூலக்கூறுகளும் கொஞ்சம் உண்டு. மேகம் குளிரக் குளிர அவை முந்திக்கொண்டு வழியிலேயே மழையாகவோ பனியாகவோ இறங்கிவிடும். அதனால், குளிர் கடுமையாக இருந்த காலத்துப் பனியில் டியூட்டீரியம் குறைவு.

இதைப் படிக்கும் நுட்பத்தில் கைதேர்ந்தவர்கள் பிரான்ஸில் க்ளோட் லோரியுஸும் அவருடைய சகாக்களும். பனியில் இறங்கச் சறுக்குக்கட்டை பொருத்திய ஹெர்குலிஸ் சரக்கு விமானங்கள் அமெரிக்காவிடம். பனியோ சோவியத் கையில். பனிப்போர் நடந்துகொண்டிருந்த 1980-களின் நடுவில் மூவரும் சேர்ந்தார்கள். எனக்கு அந்தப் பனியைவிட இதுதான் பெரிய அதிசயம். இதற்கு அடித்தளம் 1959-இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்க்டிக் ஒப்பந்தம்: ராணுவ நடவடிக்கை கூடாது, ஆய்வு முடிவுகளைப் பகிர வேண்டும், விஞ்ஞானிகள் ஒருவர் நிலையத்துக்கு மற்றவர் போய்வரலாம்.

1987-இல் முதல் பெரிய முடிவு வந்தது. 1,60,000 ஆண்டுகளாகக் கார்பன் டை ஆக்சைடும் வெப்பநிலையும் சேர்ந்தே ஏறி இறங்கியிருந்தன. 1999-இல் அந்தப் பதிவு 4,20,000 ஆண்டுகளுக்கு நீண்டது. அவ்வளவு காலத்திலும் காற்றின் பத்து லட்சம் பங்கில் கார்பன் டை ஆக்சைடு 300 பங்கைத் தாண்டியதில்லை. இன்று அது 420-க்கும் மேல்.

அப்புறம் ஐரோப்பிய நாடுகள் கூடி அண்டார்க்டிகாவிலேயே டோம் சி என்ற இடத்தில் 8,00,000 ஆண்டுகள் வரை போயின. 2025 ஜனவரியில் அதற்கு அருகே இன்னோர் ஐரோப்பியக் குழு 2,800 மீட்டர் துளைத்துப் பாறையைத் தொட்டது. அங்கே கிடைத்த பனிக்கு வயது குறைந்தது 12,00,000 ஆண்டுகள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.