முழங்கால் அளவு ஓடை

"இருபது வருஷமா பார்க்கிறேன் சார், இந்த ஓடையில முழங்காலுக்கு மேல தண்ணி வந்ததே இல்லை."

வீடு கட்டுவதற்கு முன் நிலத்தைப் பார்த்துச் சொல்வது என் தொழில். இதைச் சொன்ன மனைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் பேசும்போது அவர் சாய்ந்து நின்ற பாறை ஒரு ஃப்ரிட்ஜ் அளவு இருந்தது. முனைகளெல்லாம் மழுங்கிக் கிடந்தது. இரு பக்கச் சரிவும் மணற்கல். இந்தப் பாறையோ கருங்கல். அது மலை உச்சியில்தான் உண்டு. முழங்கால் அளவுத் தண்ணீர் அதை அங்கிருந்து உருட்டிவர முடியாது. கரையோர மரத்தில், ஓடை வரும் பக்கமாக மட்டும், நெஞ்சு உயரத்தில் பட்டை உரிந்து ஆறிய பழைய தழும்பு. அவர் கண்ணில் அது பட்டதே இல்லையாம்.

கடலை ஒட்டிய மலைகளில் ஓடும் சின்னக் கிளையாறுகளை மற்ற ஆறுகளைப் போல எடைபோடக் கூடாது. கடல்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்வதால் உச்சியில் கொட்டும் மழை கரையில் பெய்வதைப் போலப் பல மடங்கு இருக்கலாம். கீழே தூறல்தான், குடைகூட வேண்டாம் என்று நிற்பீர்கள். பெரிய ஆற்றில் வெள்ளம் வந்துசேர நாள்கணக்கில் ஆகும். சில கிலோமீட்டரே நீளமுள்ள செங்குத்தான ஓடையில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஓடைக்கு நீர் தரும் பரப்பு 5 சதுர கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை. மொத்தம் 2,50,000 கன மீட்டர் தண்ணீர். அதில் பாதி மண்ணில் இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், மீதி அடுத்த ஒரு மணி நேரத்தில் வடிய வேண்டுமானால் நொடிக்கு சுமார் 35 கன மீட்டர். நொடிக்கு மூன்று தண்ணீர் லாரிக்கும் மேல்!

தண்ணீர் மட்டும் வந்தால்கூடப் பரவாயில்லை. கலிஃபோர்னியாவின் சான்டா யினெஸ் மலையடிவாரத்தில் உள்ள மான்டெசிட்டோவுக்கு 2018 ஜனவரி 9 அதிகாலையில் வந்தது சேறும் பாறையும் மரமும் கலந்த குழம்பு. முந்தைய மாதம் காட்டுத்தீ சரிவுகளை மொட்டையாக்கியிருந்தது. தீயில் வெந்த மண் தண்ணீரை உள்ளே விடாது. சில நிமிடங்கள் அடித்துப் பெய்த மழையே போதுமாக இருந்தது. 23 பேர் இறந்தார்கள். அங்கே பல வீடுகள் நின்ற நிலமே, இதே ஓடைகள் பல காலமாகக் கொண்டுவந்து கொட்டி விசிறி போலப் பரப்பிய மண்தான். மலையைவிட்டு ஓடை வெளியே வரும் இடத்தில் சமதளம் அழகாக இருக்கும், விலையும் அதிகம். எனக்கு அந்த இடத்தைப் பார்த்தாலே கை நடுங்கும்.

தீ இல்லாமலும் நடக்கும். அதே மாநிலத்தில் சான் லொரென்சோ ஆற்றின் கிளையான லவ் க்ரீக் ஓரம், 1982 ஜனவரியில், பெருமழையில் ஊறிய சரிவு சரிந்து 10 பேரைப் புதைத்தது.

சாலைக்கு அடியில் ஓடும் குழாய்ப் பாலங்களை நான் நம்புவதே இல்லை. தண்ணீருக்குக் கணக்குப் போட்டுக் குழாய் வைக்கிறார்கள். வருவது வேரோடு பிடுங்கிய மரம். அது வாயில் சிக்கினால் ஓடை வேறு வழி பார்த்துக்கொள்ளும், பெரும்பாலும் யாருடைய வாசல் வழியாகவாவது. அப்புறம், கிளையாறு பெரிய ஆற்றில் சேரும் இடத்திலும் கவனம் வேண்டும். பெரிய ஆறு நிரம்பியிருந்தால் ஓடை பின்வாங்கி ஏறும். கடலுக்கு அருகில் என்றால் ஓதமும், அதாவது கடல்நீர் ஏறுவதும், சேர்ந்துகொள்ளும்.

மனை பார்க்கப் போனால் ஓடையின் தண்ணீரைப் பார்க்காதீர்கள், கற்களைப் பாருங்கள். பிறகு மேலே ஏறிப் பாருங்கள், முடிந்தவரை. ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர்களுக்கு ஒன்று: மழை விடாமல் பெய்யும்போது ஓடையில் திடீரென நீர் குறைந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். மேலே சரிந்த மண்ணோ மரமோ அதை அடைத்திருக்கலாம், அடைப்பு எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. உடனே கிளம்புங்கள். ஓடையை ஒட்டிக் கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள்.