லெவி கட்டியும் ஊரிலிருந்து ஆள் எடுப்பது ஏன்?

சிங்கப்பூரில் சிறு கம்பெனிகளுக்கு வெளிநாட்டு ஊழியர் பெர்மிட் வேலைகளைச் செய்து கொடுக்கிறேன். புதிதாகத் தொழில் தொடங்கிய முதலாளிகள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இந்தியாவிலிருந்து ஆள் எடுத்தால் செலவு குறையும்தானே?" என்பதுதான்.

பெரிதாகக் குறையாது. கட்டுமானத் துறையையே பாருங்கள். 2024 ஜனவரியிலிருந்து அடிப்படைத் திறன் உள்ள இந்திய ஊழியர் ஒருவருக்கு லெவி, அதாவது வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் தொகை, மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஆண்டுக்கு 10,800 வெள்ளி அதற்கே போய்விடுகிறது. அப்புறம் 5,000 வெள்ளி பிணைத்தொகை, ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கான மருத்துவக் காப்பீடு, வேலையிட விபத்துக் காப்பீடு, டார்மிட்டரி வாடகை. சம்பளத்தை மட்டும் பார்த்து ஆள் எடுப்பவர், இரண்டாவது மாதமே "ஏமாந்துவிட்டேன்" என்பார்.

அப்படியானால் லாபம் எங்கே? கை வேலையில். கம்பி கட்டவும், சாரம் ஏறவும், வெல்டிங் அடிக்கவும் உள்ளூரில் இளம் ஆட்கள் கிடைப்பது அரிது. திருச்சிப் பக்கமோ அதற்கென்றே கைகள் தயாராகின்றன. பெல் ஆலை கொதிகலன் செய்யும் ஊர் அது. 1975-லிருந்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அங்கேயே இருக்கிறது. ஆலையைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளில் உயர் அழுத்தக் குழாய்களைப் பற்றவைத்துப் பழகியவரை இங்கே கப்பல் பட்டறையில் நிறுத்தினால், அவருக்கு நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டியது இங்குள்ள பாதுகாப்பு விதிகளைத்தான்.

உணவகக்காரர்களுக்கும் இது தெரிந்த கதை. 2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகங்கள் இந்தியச் சமையல்காரரைப் பெர்மிட்டில் எடுக்க முடிகிறது. மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி, கடையின் மொத்த ஆட்களில் 8 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இதை மலிவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மழை நாளில் மாவு புளிக்காவிட்டால் என்ன செய்வது என்று தெரிந்த ஒருவர் அடுக்களையில் இருப்பதன் மதிப்பு, கடை நடத்துபவருக்குத் தெரியும்.

இரண்டாவது லாபம் உடனே தெரியாது. ஊழியர் நிலைத்து நின்றால்தான் தெரியும். கட்டுமானத்தில் உயர்திறன் நிலைக்கு ஏறிய ஊழியருக்கு லெவி 500 வெள்ளிதான். ஒருவருக்கு மாதம் 400, ஆண்டுக்கு 4,800 வெள்ளி மிச்சம். அந்த நிலைக்கு ஊழியரை உயர்த்த வழிகள் பல உண்டு. ஆறு ஆண்டு கட்டுமான அனுபவமும் 1,600 வெள்ளி நிலையான மாதச் சம்பளமும் இருப்பது அதில் ஒன்று. இங்கேதான் பல முதலாளிகள் கணக்கைத் தவற விடுகிறார்கள். 1,300 வெள்ளி வாங்குபவருக்கு 300 வெள்ளி கூட்டிக் கொடுக்கக் கை நடுங்குகிறது. ஆனால் அந்த 300-ஐக் கொடுத்தால் லெவியில் 400 குறைகிறது. ஊழியர் கையில் காசு கூடுகிறது, உங்கள் செலவு 100 வெள்ளி இறங்குகிறது! இதை எழுதிக் காட்டினால்தான் நம்புகிறார்கள்.

முன்பு ஊழியர் இத்தனை ஆண்டுதான் இங்கே வேலை பார்க்கலாம் என்று உச்சவரம்பு இருந்தது. அடிப்படைத் திறன் உள்ளவருக்கு 14 ஆண்டு. 2025 ஜூலையில் அது எடுக்கப்பட்டது, வயது வரம்பும் 63 ஆனது. ஆகவே, இன்று பழக்கிவிடும் ஆள் நாளை உங்கள் ஃபோர்மேனாக இருப்பதற்குச் சட்டம் தடையில்லை.

இந்த லாபத்தையெல்லாம் தின்றுவிடுவது ஒன்று உண்டு: கடன். இங்குள்ள ஏஜென்சி, பெர்மிட் காலத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் ஊழியரிடம் வாங்கலாம். ஊரில் நடப்பது வேறு. நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, பல லட்சம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அப்படி வந்தவர் கை வெட்டுப்பட்டாலும் மறைப்பார். சாரம் ஆடுகிறது என்று தெரிந்தும் வாய் திறக்க மாட்டார், வேலை போய்விடுமோ என்ற பயம். ஓடி (ஓவர்டைம்) கிடைக்கும் கம்பெனி எது என்று தேடிக்கொண்டே இருப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு மின்வேலைத் துணைக் குத்தகைக்காரர், ஆள் எடுக்கும் செலவு முழுவதையும் தானே ஏற்றுக்கொள்கிறார். ஏஜென்ட்டை விட்டுவிட்டு, புதுக்கோட்டைக்காரரான தன் ஃபோர்மேனிடமே "உங்கள் பக்கம் நல்ல பையன் இருந்தால் சொல்லுங்கண்ணே" என்கிறார். வரும் பையன் ஃபோர்மேனின் பேருக்குப் பயந்தாவது ஒழுங்காக இருக்கிறான். காலைப் பாதுகாப்புக் கூட்டமும் தமிழில் நடக்கிறது. புரிந்ததா என்று கேட்டால், புரியாததைப் புரியவில்லை என்று சொல்கிறார்கள்.

வேலை கொடுப்பதற்காக ஊழியரிடம் நீங்களே பணம் வாங்குவது குற்றம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெர்மிட் ஒப்புதல் கடிதத்தில், அதாவது ஊழியர்கள் "ஐபி" என்று சொல்வதில், காட்டிய சம்பளத்தைப் பிறகு குறைப்பதற்கு ஊழியரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், மனிதவள அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். இதைப் பலர் அறிவதில்லை.

உள்ளூர் ஆட்களை விட்டுவிட்டு வெளிநாட்டு ஆட்களால் மட்டும் கம்பெனி நடத்தலாம் என்றும் நினைக்காதீர்கள். கட்டுமானத்தில் உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு ஐந்து பெர்மிட் என்பது 2024 முதல் உள்ள விகிதம், அதற்கு முன் ஏழு. உள்ளூர்க்காரர் ஒருவர் விலகினால் ஐந்து பெர்மிட் ஆடும்.

கடைசியாக ஒரு தேதி விஷயம். கட்டுமான ஊழியர், பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை உள்ள இடைவெளியில், உங்கள் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். நல்ல ஆளைப் பெரும்பாலும் இந்தச் சில நாட்களில்தான் இழக்கிறார்கள். முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, புதுச் சம்பளம் எவ்வளவு, ஊருக்குப் போய்வர லீவு எப்போது என்று பேசி, எழுதிக் கொடுத்துவிடுங்கள்.